பெரியவர்களுக்கு ரிட்டயர்மென்ட் கம்யூனிட்டி பார்க்கப் போகிறீர்களா? கோவையில் நாங்கள் பார்த்த முறை

கோவையில் வடவள்ளி, தொண்டாமுத்தூர், துடியலூர் பக்கம் போனால் சீனியர் லிவிங் போர்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. பெரியம்மாவுக்காக அவற்றில் பலவற்றை ஏறி இறங்கிப் பார்த்தேன். அவருக்கு 76 வயது, சர்க்கரை உண்டு, ஆனால் நன்றாக நடக்கிறார், பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். அதன்பிறகு தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இதையே கேட்பதால் எழுதி வைத்துவிடுகிறேன். வீட்டில் பேசி, அவரும் சம்மதித்து, பட்ஜெட்டும் போட்டாயிற்று என்று வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன்.

கிளப் ஹவுஸ், யோகா அறை, சின்னதாக ஒரு பிள்ளையார் கோயில், இதெல்லாம் எல்லா இடத்திலும் இருக்கும், அதற்கு மார்க் போடாதீர்கள். நடமாட்டத்தோடு இருப்பவருக்கு எந்த இடமும் நன்றாகத்தான் தோன்றும். அவர் விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து திரும்பி வரும்போது அதே இடம் எப்படி இருக்கும்? நான் கேட்ட எல்லாக் கேள்வியும் இதிலிருந்து வந்ததுதான்.

படி 1: கிளம்புவதற்கு முன்

புது ப்ராஜெக்ட் என்றால் தமிழ்நாடு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) இணையதளத்தில் பதிவு எண்ணைப் பாருங்கள். அப்புறம் கூகுள் மேப்ஸில் அங்கிருந்து நீங்கள் வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரிக்கு, புறப்படும் நேரம் மாலை ஆறரை என்று வைத்துத் தேடுங்கள். வடவள்ளிப் பக்கம் இருந்துகொண்டு அவிநாசி ரோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் ஊரையே குறுக்கே கடக்க வேண்டும். பிரோஷரில் போட்டிருக்கும் "15 நிமிடம்" எந்த நேரத்துக் கணக்கோ. ஆம்புலன்ஸ் சொந்தமா, இல்லை டை-அப்பா, ராத்திரி டிரைவர் வளாகத்திலேயே தங்குகிறாரா என்பதையும் போனிலேயே கேட்டுவிடலாம்.

ரிவ்யூக்களில் நட்சத்திரம் குறைந்ததை மட்டும் படிக்கிறேன். ஐந்து நட்சத்திரம் போட்டவர்களில் பாதிப் பேர் தோட்டத்தைப் பற்றித்தான் எழுதுகிறார்கள்.

படி 2: டேப் எடுத்துப் போங்கள்

எக்ஸெல் ஷீட்டில் மார்க் போட்டுக் கூட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு இஞ்ச் டேப், ஒரு நோட்டு, செல்போன் போதும். சக்கர நாற்காலி சுமார் 65 செ.மீ. அகலம், தள்ளும் கைக்கும் இடம் வேண்டும், அதனால் கதவு 90 செ.மீ. இருந்தால் நிம்மதி. நம் ஊர் ஃபிளாட்டுகளில் பாத்ரூம் கதவு பெரும்பாலும் இரண்டரை அடிதான். சாய்தளம் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் ஓட வேண்டும், அதைவிடச் செங்குத்தாக இருந்தால் பேருக்குக் கட்டியது. லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் படுக்கை வாட்டத்தில் போகுமா என்று பாருங்கள்.

பாத்ரூமில் தரையை நனைத்துவிட்டு நடந்து பாருங்கள், பிடிகம்பியில் உங்கள் முழு எடையையும் போட்டுத் தொங்குங்கள், கூட வரும் மார்க்கெட்டிங் பையன் நெளிந்தால் நெளியட்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவை யாராலும் தள்ள முடியாது. அவசர மணி தரையில் கிடப்பவருக்கும் எட்ட வேண்டும். சுவிட்ச் போர்டு உயரத்தில் இருக்கும் மணியால் நின்றுகொண்டிருப்பவருக்குத்தான் பயன்.

படி 3: ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழு மணிக்கு மேல் இன்னொரு முறை

காலையில் காட்டுகிற இடம் வேறு, இரவில் இருக்கிற இடம் வேறு. டூட்டி நர்ஸ் யார், எத்தனை வீட்டுக்கு ஒருவர் என்று கேளுங்கள். மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவசர மணியை அழுத்தி, போனில் நேரம் பாருங்கள். நாங்கள் அழுத்திய ஓரிடத்தில் செக்யூரிட்டிதான் ஓடி வந்தார், நர்ஸ் வேறு பிளாக்கில் இருந்தார். நல்ல மனிதர், தண்ணீர் கொடுத்தார், ஆனால் லோ சுகர் வந்தவருக்கு அவரால் என்ன செய்ய முடியும்?

படி 4: சாப்பாடு

அங்கே இருக்கப்போகிறவரையே கூட்டிப்போய் டைனிங் ஹாலில் தனியாக உட்கார விடுங்கள். என்னிடம் "எல்லாம் நல்லா இருக்குங்க" என்று சொன்ன, அங்கேயே குடியிருக்கும் அதே அம்மா, நான் நகர்ந்ததும் பெரியம்மாவிடம் ராத்திரி ரசம் தண்ணியாக இருப்பதிலிருந்து எந்த நர்ஸ் எரிந்து விழுவார் என்பது வரை கொட்டிவிட்டார். பெரியம்மாவின் ஒரே கேள்வி, ஐந்து மணிக்குக் காபி கிடைக்குமா, இல்லையென்றால் அறையில் அடுப்பு வைத்துக்கொள்ளலாமா என்பது. சில இடங்களில் இண்டக்ஷன் மட்டும்தான். அசைவம் சாப்பிடுபவர் என்றால் முதலிலேயே கேளுங்கள், கோவையில் பல இடங்கள் சுத்த சைவம்.

படி 5: அக்ரிமென்ட்

நாங்கள் அதிக நாள் மாட்டிக்கொண்டது இங்கேதான். பெரியம்மாவுக்கு மிகவும் பிடித்துப்போன ஓர் இடத்தின் அக்ரிமென்டில், குடியிருப்பவர் "சுயமாக இயங்க முடியாத நிலை" அடைந்தால் காலி செய்ய வேண்டும், நிர்வாகத்தின் முடிவே இறுதியானது என்று நடுவில் ஒரு வரி இருந்தது. கேட்டால், "அதெல்லாம் ஃபார்மாலிட்டி சார், யாரையும் அனுப்பினதே இல்லை" என்றார்கள். சரி, அப்படியானால் எடுத்துவிடுங்கள் என்றோம். எடுக்க மாட்டார்களாம்.

அதனால் இவற்றையெல்லாம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் மின்னஞ்சலில் வாங்குங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். சுயமாக இயங்க முடியாது என்று முடிவு செய்வது அவர்கள் டாக்டரா, நம் டாக்டருக்கும் அதில் இடம் உண்டா? அதற்குப் பிறகு எத்தனை நாள் அவகாசம்? அதே வளாகத்தில் அசிஸ்டட் லிவிங் பகுதி (அன்றாட வேலைகளுக்கு ஆள் துணை தேவைப்படுபவர்களுக்கானது) இருந்தால் நமக்குப் படுக்கை உறுதியா, இல்லை காத்திருப்புப் பட்டியலா? மறதி நோய் வந்தால்? வெளியிலிருந்து ஹோம் நர்ஸ் வைக்க விடுவார்களா, அவருக்குச் சாப்பாடு, தூங்குமிடம் யார் கணக்கு?

பணத்தில் நான் பார்த்தது, வருடாந்தர உயர்வுக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறதா என்பதுதான். மாதம் 25,000 ரூபாய் என்று ஆரம்பித்து வருடம் 8 சதவீதம் ஏறினால் ஒன்பது வருடத்தில் 50,000 ஆகிவிடும். பென்ஷன் அந்த வேகத்தில் ஏறாது. டெபாசிட் முறை என்றால் எத்தனை நாளில் திரும்ப வரும், வருடத்துக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்று எண்ணாகவே எழுதி வாங்குங்கள். வாங்குவது என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. 55 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் குடியிருக்கக் கூடாது என்று விதி இருந்தால், வாரிசு பிள்ளைகளால் அங்கே வந்து இருக்க முடியாது, விற்கும் வரை பூட்டிய வீட்டுக்கு மெயின்டெனன்ஸ் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். விற்பதும் நிர்வாகத்தின் மூலம் மட்டும்தான் என்று இருக்கிறதா, பெயர் மாற்ற எவ்வளவு என்றும் பாருங்கள்.

கட்டுகிறவர் ஒருவர், நடத்துகிறவர் வேறொருவர் என்பது சகஜம். நடத்துகிறவர் விலகிவிட்டால் சாப்பாடும் நர்ஸும் யார் பொறுப்பு? மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட மாதிரி வழிகாட்டுதலில், கட்டுநர், சேவை தருபவர், வாங்குபவர் மூவரும் சேர்ந்து ஒப்பந்தம் போட வேண்டும் என்று இருக்கிறது. அது வழிகாட்டுதல்தான், ஆனாலும் அதைச் சொல்லிக் கேட்டதும் மார்க்கெட்டிங் ஆளை விட்டுவிட்டு மேலே இருப்பவர் பேச வந்தார்.

என் கருத்து: முதல் வருடம் வாங்கவே வேண்டாம், வாடகைக்கோ லீஸுக்கோ போங்கள்.

படி 6: தங்கிப் பார்ப்பது

கெஸ்ட் ரூம் தருகிறார்கள். ஒரு வார இறுதி மட்டும் தங்கிவிட்டு வருவதில் பயனில்லை, குறைந்தது இரண்டு வாரம் வேண்டும். மகனோ மகளோ அவரோடு சேர்ந்து தங்கக் கூடாது.

பின்சேர்க்கை: ஜிஎஸ்டி பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். சொல்லும் மாதத் தொகையில் 18 சதவீதம் சேர்ந்ததா, தனியா என்று தெளிவாகக் கேளுங்கள். சிலர் தனியாகத்தான் போடுகிறார்கள். வருமான வரிச் சட்டத்தில் அறக்கட்டளையாகப் பதிவு செய்த முதியோர் இல்லங்கள், தங்குமிடம், சாப்பாடு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஒருவருக்கு மாதம் 25,000 ரூபாய் வரை வாங்கினால், 60 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு ஜிஎஸ்டி கிடையாது.

இன்னொன்று: "இவ்வளவு பணத்துக்கு எங்கே போவது" என்று எழுதியிருந்தவருக்கு. 14567 முதியோருக்கான இலவச உதவி எண். பக்கத்தில் என்னென்ன இல்லங்கள் இருக்கின்றன என்று சொல்வார்கள். பட்டியல் கிடைத்ததும் அங்கேயும் டேப்போடு போங்கள், பாத்ரூம் கதவை முதலில் பாருங்கள்.