டெர்மினேட்டர் முதல் பாகமும் இரண்டாம் பாகமும்: ஒப்பிட்டு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் படங்களை அலசி வீடியோ போடும் இளைஞர்கள் இப்போது நிறையப் பேர். அவர்களில் பலர் முதலில் கைவைப்பது ஜேம்ஸ் கேமரூனின் இந்த இரண்டு படங்களில்தான். ‘டெர்மினேட்டர்’ 1984 அக்டோபரில் வந்தது, ‘ஜட்ஜ்மென்ட் டே’ 1991 ஜூலையில். இயக்குநர், ஒளிப்பதிவாளர் ஆடம் கிரீன்பெர்க், இசையமைப்பாளர் பிராட் ஃபீடல் மூவரும் இரண்டுக்கும் பொது. ஒப்பிட இதைவிடத் தோதான ஜோடி அமையாது. ஆனால் நாங்கள் விழுந்து எழுந்த அதே குழிகளில் புதிதாக வருகிறவர்களும் வரிசையாக விழுகிறார்கள். பெயரைத் தப்பாக எழுதுவது, ஆண்டை மாற்றிச் சொல்வது போன்றவற்றை யாராவது சுட்டிக்காட்டினால் திருத்திவிடலாம். கீழே இருப்பவை அவ்வளவு லேசில் திருந்தாதவை.

எந்தப் பதிப்பைப் பார்த்தோம் என்று தெரியாமலே எழுதுவது

கிருஷ்ணகிரி இளைஞர் ஒருவர் இருபது நிமிட ஒப்பீடு ஒன்றைத் தயாரித்தார். அவர் வாதம் அழகானது. முதல் படத்து இயந்திரம் கடைசிவரை மாறவே இல்லை. இரண்டாம் படத்தில் காப்பாற்ற வரும் அதே வகை இயந்திரத்தின் தலையை நாயகி சாரா கானர் திறந்து, சில்லை (சிப்) வெளியே எடுத்து, கற்றுக்கொள்வதைத் தடுக்கும் பூட்டை நீக்குகிறாள். ஆகவே இயந்திரத்துக்கு மனசு வந்தது ஒரு தாயின் கையால் என்றார். பார்த்த நண்பர், “அப்படி ஒரு காட்சியே படத்தில் இல்லையே” என்றார். வாக்குவாதம் முற்றி, இளைஞர் இரண்டு வார உழைப்பை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். இருவர் சொன்னதும் உண்மை. இருவரும் பார்த்தது இரண்டு வேறு பதிப்புகள்.

1991-ல் திரையரங்கில் ஓடியது 137 நிமிடம். 1993-ல் லேசர் டிஸ்க்கில் வந்த சிறப்புப் பதிப்பு அதைவிடச் சுமார் கால் மணி நேரம் நீளம். சில்லுக் காட்சி அந்தக் கால் மணி நேரத்தில்தான் இருக்கிறது. திரையரங்குப் பதிப்பில், கற்றுக்கொள்ள முடியுமா என்று சாராவின் மகனான சிறுவன் ஜான் கேட்கிறான். மனிதர்களோடு பழகப் பழகக் கற்பேன் என்று இயந்திரம் சொல்கிறது. விஷயம் அவ்வளவுதான். அங்கே கற்றல் அதன் இயல்பு, கூடவே இருக்கும் சிறுவனால் வளர்வது. சிறப்புப் பதிப்பிலோ, தனியாக அனுப்பும்போது, இயந்திரங்களை ஆளும் கணினியான ஸ்கைநெட் அந்தக் கதவைப் பூட்டியே அனுப்புகிறது. மனிதர்கள் அதைத் திறக்க வேண்டும். அப்போதும் சாரா சில்லை உடைக்கச் சுத்தியலை ஓங்குகிறாள், மகன் தடுக்கிறான். ஒரே கதை இரண்டு வேறு பொருள் தருகிறது. எதைப் பார்த்தீர்கள் என்று சொல்லாமல் எழுதினால் முதல் வரியே ஆட்டம் காணும்.

இது ஒரு காட்சியோடு முடிவதில்லை. உறைந்து நொறுங்கி மீண்ட, உருமாறும் எதிரி இயந்திரமான டி-1000-இன் கை கம்பியில் ஒட்டி நிறம் மாறுவதும், கால் தரையோடு கலப்பதும் சிறப்புப் பதிப்பில் மட்டுமே உண்டு. போலித் தாயை ஜான் கண்டுபிடிப்பது அங்கே அந்தக் காலைப் பார்த்துத்தான். மனநல மருத்துவமனையில் சாராவின் கனவில், முதல் படத்தில் அவளைக் காப்பாற்ற வந்த கைல் ரீஸ் வருவதும் அதே கணக்கு. முதல் படத்துக்கும் இந்தத் தொல்லை உண்டு. கடைசிச் சண்டை நடக்கும் தொழிற்சாலை, பின்னால் ஸ்கைநெட்டை உருவாக்கும் சைபர்டைன் நிறுவனத்துடையது என்பதும், நொறுங்கிய இயந்திரத்தின் சில்லு அங்கே கிடைப்பதும் நீக்கப்பட்ட காட்சிகளில் வருபவை. படத்துக்குள் சைபர்டைன் என்ற பெயர் வருகிறது, கைல் ஒரு முறை சொல்கிறான். ஆனால் தொழிற்சாலையோடு அதைச் சேர்க்கும் முடிச்சு இல்லை. நீக்கிய காட்சியை யூடியூபில் பார்த்துவிட்டு, ‘முதல் படமே எல்லாவற்றையும் விதைத்துவிட்டது’ என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் இன்றும் எங்களுக்குப் பொறுக்கவில்லை.

நம் பக்கத்துப் பாரதக் கூத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு ஜமாவின் (கூத்துக் குழுவின்) கர்ண மோட்சத்தில் வரும் பாட்டு இன்னொரு ஜமாவில் இராது. எந்த ஜமாவின் ஆட்டம் என்று சொல்லாமல் யாரும் கூத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. படத்துக்கும் அதே மரியாதை வேண்டும்.

சோதிக்கும் முறை: முதலில் ஓடும் நேரத்தைப் பாருங்கள். முதல் படம் 107 நிமிடம். இரண்டாவது 137 என்றால் திரையரங்குப் பதிப்பு, 150-ஐத் தாண்டினால் சிறப்புப் பதிப்பு. ஆனால் 131 அல்லது 132 என்று காட்டினால் வெட்டிவிட்டார்கள் என்று பதறாதீர்கள். பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை டிவிடியும் தொலைக்காட்சியும் நொடிக்கு 24 சட்டங்களை (ஃபிரேம்) 25 ஆக ஓட்டுபவை. எனவே நேரம் நான்கு சதவீதம் சுருங்கும், குரலும் கொஞ்சம் ஏறிக் கேட்கும். அடுத்து, கைல் கனவும் சில்லுக் காட்சியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் சிறப்புப் பதிப்பு. இதைக் கட்டுரையின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

முதல் படத்தை நினைவிலிருந்தும் இரண்டாவதை நேற்றுப் பார்த்தும் எழுதுவது

இரண்டையும் ஒரே வாரத்தில் பாருங்கள், வெளிவந்த வரிசையில்.

பழக்கமான வசனம் வந்ததும் கைதட்டிவிட்டு நகர்வது

‘திரும்பி வருவேன்’ என்ற வசனம் இரண்டிலும் வருகிறது என்று குறிப்பதோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். அதைச் சுற்றி நடப்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் படத்தில் காவல் நிலைய மேசையில் சொல்லிவிட்டுப் போய், காரை உள்ளே ஏற்றி இடித்து, கண்ணில் பட்ட காவலரையெல்லாம் கொல்கிறது. அன்று இறந்த காவலர் 17 பேர் என்று இரண்டாம் படமே கணக்குச் சொல்கிறது. இரண்டாம் படத்தில் சைபர்டைன் கட்டடத்தில் அதே சொல். வெளியே போய், காவல் வண்டியைப் பிடுங்கி, அதேபோல முகப்பை இடித்துக்கொண்டு உள்ளே வருகிறது. ஆனால் இங்கே உயிரிழப்பு பூஜ்யம். அந்த எண்ணிக்கையை அதன் கண்திரையில் நாமே முன்பு படித்தோம். வசனமும் வாகனமும் மாறவில்லை, விளைவு தலைகீழ். இரண்டாம் பாகம் முதல் பாகத்தோடு பேசுவது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

தொடக்கத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். முதல் படத்தில் ஒல்லியானவன் காப்பாற்றுகிறவன், பருத்தவன் கொல்கிறவன். இரண்டாவதிலும் ஒல்லியாக ஒருவன், பருத்தவனாக ஒருவன் வந்து இறங்குகிறார்கள். வணிக வளாகத்தின் பின்நடையில் ரோஜாப் பெட்டியிலிருந்து துப்பாக்கி வெளிவரும் வரை, முதல் படத்தின் நினைவையே படம் பொறியாக வைக்கிறது.

டப்பிங்கை வைத்து வசனத்தை எடைபோடுவது

இரண்டாம் படத்தில் இயந்திரம் சொல்லும் ‘ஹஸ்தா லா விஸ்தா’ என்ற ஸ்பானியச் சொல்லை ஸ்பெயினில் ‘சயோனாரா’ என்ற ஜப்பானியச் சொல்லாக மாற்றினார்கள், ஏனென்றால் அங்கே ஸ்பானிய மொழி வேற்றுமொழி ஆகாதே. தமிழ் டப்பிங் பார்த்து மகிழலாம், ஆனால் வசனத்தைப் பற்றி எழுதும்முன் மூலத்தைக் காதால் கேளுங்கள்.

இன்றைய டாலர் விலையில் பட்ஜெட்டைப் பெருக்குவது

முதல் படத்துக்குச் சுமார் 64 லட்சம் டாலர், இரண்டாவதுக்குச் சுமார் 10 கோடி டாலர். இதை இன்றைய ரூபாயில் பெருக்கினால் வரும் தொகைக்குப் பொருளே இல்லை. 1984-ல் டாலர் 11 ரூபாய்ப் பக்கம். 1991 ஜூலை 1, 3 தேதிகளில் ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும் சுமார் 26 ஆனது. அந்த ஜூலை 3-ஆம் தேதிதான் அமெரிக்காவில் இரண்டாம் படம் வெளியானது. டாலரை டாலராகவே ஒப்பிடுங்கள்: ஏறக்குறைய 15 மடங்கு. அந்தப் பணம் திரையில் என்ன ஆனது என்பதுதான் கேள்வி. முதல் படம் பெரும்பாலும் இரவிலும் இருட்டிலும் ஒண்டுகிறது. இரண்டாவது பகல் வெளிச்சத்தில் லாரியைக் கால்வாய்க்குள் குதிக்கவிடுகிறது.

எல்லாம் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் என்று எழுதிவிடுவது

இரண்டாம் படத்தில் கணினி வரைந்தது மொத்தம் சில நிமிடங்களே. டி-1000-இன் உடலில் வெள்ளிப் பூப்போல விரியும் குண்டுக் காயங்கள் சிறப்புத் தோற்றக் கலைஞர் ஸ்டான் வின்ஸ்டனின் குழு கையால் செய்தவை. மருத்துவமனைக் காவலரும் அவரைப் போலவே தரையிலிருந்து எழுகிறவரும் நிஜ இரட்டையர். சாராவாக நடித்த லிண்டா ஹாமில்டனுக்கும் இரட்டைச் சகோதரி உண்டு. சில்லுக் காட்சியில் கண்ணாடி என்று நாம் நினைப்பது வெறும் திறப்பு. இந்தப் பக்கம் சகோதரி பொம்மைத் தலையில் வேலை செய்ய, அந்தப் பக்கம் நிஜ லிண்டாவும் நிஜ அர்னால்டும் பிம்பமாக நடிக்கிறார்கள்.

முதல் படத்தின் ஒலியைக் குறை சொல்வது

அது மோனோவில், அதாவது ஒரே ஒலித்தடத்தில், வந்த படம். பின்னால் வந்த 5.1 (பல ஸ்பீக்கர்) ஒலிக்கலவையில் துப்பாக்கிச் சத்தங்களையே மாற்றிவிட்டார்கள். மோனோ தடம் இருக்கும் வட்டு கிடைத்தால் அதையே கேளுங்கள்.

பஸ்ஸில், கைபேசியில் பார்ப்பது

கிருஷ்ணகிரி–ஓசூர் பஸ்ஸில் பார்த்ததைப் பார்த்த கணக்கில் சேர்க்காதீர்கள்.

இரண்டாவதில் வந்ததை முதலாவதில் தேடுவது

அணுப்போர் மூளும் நாளாகச் சொல்லப்படும் 1997 ஆகஸ்ட் 29 என்ற தேதி இரண்டாம் படத்தில் வருவது. முதல் படத்தில் கைல், இன்னும் சில ஆண்டுகளில் போர் வரும் என்று மட்டும் சொல்கிறான்.

முடிவுக் காட்சிகளிலும் இதே கவனம் வேண்டும். முதல் படம் சாரா ஜீப்பில் புயலை நோக்கிப் போவதோடு முடிகிறது. இரண்டாம் படத்தின் திரையரங்குப் பதிப்பும் ஒரு சாலையோடுதான் முடிகிறது: இருட்டில் ஓடும் நெடுஞ்சாலை, மேலே சாராவின் குரல். வயதான சாரா பூங்காவில் பேத்தியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாற்று முடிவை மட்டும் வைத்து எழுதினால், இந்த இரண்டு சாலைகளும் ஒன்றையொன்று பார்ப்பது கண்ணில் படாமலே போய்விடும்.