வாட்டர் மெடோ தடயங்களைப் படிக்கும்போது எங்கே தவறுகிறோம்?

தெற்கு இங்கிலாந்தின் வில்ட்ஷயர், ஹாம்ப்ஷயர், டார்செட் ஆற்றோரங்களில் புல்வெளிகள் வரிவரியாக மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். 17ஆம் நூற்றாண்டிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை புல்லுக்கு நீர் பாய்ச்சிய 'வாட்டர் மெடோ' ஏற்பாட்டின் எச்சங்கள் இவை. சுண்ணாம்புப் பாறை ஊற்றுநீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸில் வெளிவரும். குளிர்காலத்தில் அதைப் புல்லடியில் ஓடவிட்டால் உறைபனி தாக்காது. மார்ச் நடுவிலேயே ஆடுகளுக்கு மேய்ச்சல் தயார்.

'ஓடவிட்டால்' என்பதில்தான் முதல் தவறு தொடங்குகிறது. ஆறு பெருகித் தானாக ஏறி வடியும் வெள்ளப் புல்வெளியையும் பலர் இந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். வாட்டர் மெடோவில் நீர் நிற்கவே கூடாது. நின்றால் காற்றில்லாமல் புல் அழுகும். சுமார் 2.5 செ.மீ. ஆழத்துக்கு விடாமல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். 'டிரவுனர்' எனப்பட்ட, நீர் பாய்ச்சும் ஆட்கள், நீர் துள்ளுநடையில் வந்து நாலுகால் பாய்ச்சலில் போக வேண்டும் என்பார்கள். ஆகவே வாய்க்கால் மட்டும் இருந்து வடிகால் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

அதிகம் நடப்பது, இடைக்கால ஏர் உழவு விட்டுப்போன மேடுகளோடு இவற்றைக் குழப்புவது. வானிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான். உழவு மேடுகள் பெரும்பாலும் தலைகீழ் 'எஸ்' போல லேசாக வளையும். முடிவில் ஏர் திரும்பிய தலைமாடு இருக்கும். உச்சியில் வாய்க்கால் இருக்காது. வாட்டர் மெடோ மேட்டின் முதுகிலோ ஒரு சிறு வாய்க்கால் ஓடும். மதகிலிருந்து தாய் வாய்க்கால், அதிலிருந்து கிளைகள், இரு சரிவிலும் வழிந்த நீரை வாங்கப் பள்ளத்தில் வடிகால்கள், அவையெல்லாம் கூடி மறுபடி ஆற்றுக்கு: இந்த மரம்போன்ற இணைப்பைத் தேடுங்கள்.

எது வாய்க்கால், எது வடிகால் என்று தடுமாறினால் அகலத்தை அளந்து பாருங்கள். பாய்ச்சும் வாய்க்கால் போகப்போகக் குறுகும். அதனால்தான் நீர் நெடுக ஒரே சீராகக் கரை வழிந்தது. வடிகால் போகப்போக அகலும். இதைத் தலைகீழாகப் படித்துவிட்டால் முழு வரைபடமும் தலைகீழ்.

லைடார் படத்தை (வானிலிருந்து லேசர் கதிர் பாய்ச்சி நில மேடுபள்ளத்தை அளந்து வரைவது) மட்டும் நம்புவதும் ஆபத்து. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை இலவசமாகத் தரும் 1 மீட்டர் துல்லியத் தரவில், ஓரடி அகல முதுகு வாய்க்கால் வண்டல் நிரம்பியிருந்தால் தெரியாது. மீண்டும் அதே உழவு மேட்டுக் குழப்பம். அந்தத் தரவின் மேல் கணினி வெளிச்சம் காட்டி மேடுபள்ளத்தை நிழலாக வரையும் படத்தை, ஒரே திசை வெளிச்சத்தில் பார்த்தால் அந்தத் திசைக்கு இணையாக ஓடும் மேடுகள் மறைந்துபோகும். திசை மாற்றிப் பாருங்கள். பிறகு குளிர்காலத்தில், புல் குட்டையாகவும் வெயில் சாய்வாகவும் இருக்கும்போது நடந்து பாருங்கள்.

தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன், எக்ஸ்மூர் மலைச்சரிவுகளில் வேறு வகை. சரிவின் குறுக்கே ஏறத்தாழ ஒரே உயரத்தில் போகும் ஒற்றை வாய்க்கால் வழிந்து, கீழ்ச்சரிவை நனைக்கும். இதை ஆலைக்கு நீர் கொண்டுபோன கால்வாய் என்று எழுதிவிடுகிறார்கள். ஆலைக் கால்வாய் நீரைச் சிந்தாமல் காக்கும். இது சிந்துவதற்கென்றே வெட்டியது. கீழே சக்கரம் இருந்த இடம் உண்டா என்று பார்த்தாலே பாதி தெளிந்துவிடும்.

காலம் கணிக்க மதகை மட்டும் பார்க்காதீர்கள். செங்கல்லும் இரும்பும் 19ஆம் நூற்றாண்டுப் பழுதுபார்ப்பாக இருக்கலாம்; மண்மேடு அதற்கும் முந்தியது. ஹெரஃபோர்ட்ஷயரின் ரோலண்ட் வான் 1610இல் தன் பாசன வேலையைப் பற்றி நூல் வெளியிட்டதால், எல்லாம் அவரிடமிருந்தே கிளம்பியதாகக் கொள்வதும் அவசர முடிவு.

கடைசியாக, 'தூர்வாரி மீட்கிறோம்' என்று இயந்திரத்தை இறக்குவது. வண்டலோடு பழைய அடிமட்டமும், ஈரத்தில் அழுகாமல் இருந்த மர மதகின் அடிக்கட்டைகளும் போய்விடும். அள்ளிய மண்ணைக் கரையிலேயே கொட்டினால் கரை உயர்ந்து, நீர் தாழ்ந்த ஓரிரு இடத்தில் மட்டும் உடைத்துக்கொண்டு பாயும். முதலில் குறுக்குவெட்டை அளந்து பதியுங்கள். பிறகு மண்வெட்டியால் கொஞ்சமாக எடுங்கள். கரை மட்டத்தை, வேர்மண்ணோடு வெட்டிய புல்கட்டிகளை வைத்துச் சரிசெய்யுங்கள்.