பேக்கிங் ட்ராக்கில் வாத்தியங்களை ஒவ்வொன்றாக நிறுத்துங்கள்

பெங்களூரு அல்சூரில் என்னிடம் கிட்டார் கற்க வரும் பிள்ளைகள், பேக்கிங் ட்ராக்கோடு (கூடவே வாசிக்க, மற்ற வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் பின்னணி இசை) பழகும்போது அடிக்கடி கேட்பது இது: "அண்ணா, ட்ராக் போட்டு வாசிச்சா நல்லா வருது, தனியா வாசிச்சா தாளம் ஓடுதே, ஏன்?" ட்ராக்கில் எண்ணுவது டிரம்ஸ். வாசிப்பவர் எண்ணுவதே இல்லை. அதனால் யூடியூபில் கிடைக்கும் முழு ட்ராக்கைவிட, ஒவ்வொரு வாத்தியத்தையும் தனியாக நிறுத்த முடிகிற மென்பொருளைத்தான் நான் சொல்வேன். போனுக்கு ஐரியல் புரோ போதும். கம்ப்யூட்டரில் பேண்ட் இன் எ பாக்ஸ் 1990 முதல் இருக்கிறது. இரண்டுக்குமே காசு கொடுக்க வேண்டும்.

முதலில் ஏ ஸ்கேலில் 12 பார் ப்ளூஸ் போடுங்கள் (ஒரு பார் என்பது நான்கு அடி, பன்னிரண்டு பார் சேர்ந்தால் ஒரு சுற்று). கார்ட்கள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) இப்படி: நான்கு பார் ஏ7, இரண்டு டி7, இரண்டு ஏ7, கடைசி நான்கில் ஈ7, டி7, ஏ7, ஈ7. டெம்போ 70, அதாவது நிமிடத்துக்கு 70 அடி. கிட்டாரைத் தொடாமல் இரண்டு சுற்று கைதட்டிக் கேளுங்கள்.

பிறகு மென்பொருளின் மிக்ஸரில் (ஒவ்வொரு வாத்தியத்தின் ஒலியையும் கூட்டிக் குறைக்கும் இடம்) பியானோவை நிறுத்திவிட்டு அதன் இடத்தில் நீங்கள் கார்ட் வாசியுங்கள். இது சுலபம். அடுத்து டிரம்ஸையும் நிறுத்துங்கள், பேஸ் (கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும் வாத்தியம்) மட்டும் இருக்கட்டும். இங்கேதான் நாட்கணக்கில் உட்கார வேண்டும். தாளம் தட்டிக்கொடுக்க யாரும் இல்லாததால் கை முந்த ஆரம்பிக்கும். வாய்விட்டு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுங்கள், வெட்கமே வேண்டாம்.

கை முந்துவது நின்றபின் டிரம்ஸைத் திறந்து பேஸை மூடுங்கள். இப்போது கார்ட் எங்கே மாறுகிறது என்று சொல்ல ஆளில்லை. ஐந்தாவது பாரில் டி7 போகத் தயங்கினால், இதுவரை பேஸைக் கேட்டுத்தான் மாறியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

சரி, இனி சோதனை. எல்லாவற்றையும் திறந்து வாசித்துக்கொண்டே வாருங்கள். ஒன்பதாவது பாரில் பக்கத்தில் இருப்பவரை வால்யூமை முழுக்கக் குறைக்கச் சொல்லுங்கள். நிறுத்தாமல் வாசியுங்கள். அடுத்த சுற்று தொடங்கும்போது அவர் கூட்டட்டும். ட்ராக்கின் முதல் அடியும் உங்கள் முதல் அடியும் ஒன்றாக விழுந்தால் டெம்போவை ஏற்றலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் தானாக வேகம் கூட்டும் வசதி ஐரியல் புரோவில் உண்டு, மூன்று மூன்றாக வையுங்கள். வலது மணிக்கட்டு இறுகும் இடத்தில் நின்றுவிடுங்கள். அப்புறம், திஸ்ர நடைப் பாட்டை (மூன்று மூன்றாக எண்ணுவது) ஒருபோதும் நான்கு நான்காக எண்ணும் 4/4 ஸ்டைலில் பழகாதீர்கள், கை அந்த அசைவையே பிடித்துக்கொள்ளும்.

அகூஸ்டிக் கிட்டாருக்கு ப்ளூடூத் ஸ்பீக்கரில் ட்ராக் கேட்டால் பிரச்சினை இல்லை. ஆனால் எலெக்ட்ரிக் கிட்டாரை போனில் இணைத்து ப்ளூடூத் ஹெட்போனில் கேட்டால், உங்கள் ஸ்வரமே தாமதமாகக் காதில் விழும். அதற்கு ஒயர் ஹெட்போன்தான் சரி. பெங்களூருவின் எலெக்ட்ரானிக்ஸ் கடைவீதியான எஸ்.பி. ரோட்டில் தேடினால் அதிகச் செலவில்லாமல் வாங்கிவிடலாம்.