லைன் லாரியில் இன்வெர்ட்டர் மாட்டுவது எப்படி?

நாமக்கல்லில் இருந்து என்.எச். 44 பிடித்து வடக்கே லோடு ஏற்றிப் போனால், வீடு திரும்பப் பத்துப் பதினைந்து நாள் ஆகிவிடும். அத்தனை நாளும் டிரைவருக்கும் கிளீனருக்கும் கேபின்தான் வீடு. ராத்திரி ஃபேன் ஓடினால்தான் தூக்கம் வரும்; தூங்கினால்தான் மறுநாள் ரோட்டில் கண் நிற்கும். லாரி எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவன் என்ற முறையில், புதிதாக இன்வெர்ட்டர் மாட்டுகிறவர்களுக்கு முதலிலிருந்து சொல்கிறேன்.

படி 1: 24 வோல்ட் இன்வெர்ட்டர்தானா என்று பாருங்கள்

லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. காருக்கான 12 வோல்ட் இன்வெர்ட்டர் எங்கும் கிடைக்கிறது என்று அதை வாங்கி, ஒரே ஒரு பேட்டரியில் மாட்டிவிடுகிறார்கள். போன மழைக்காலத்தில் அப்படி ஒரு வண்டி வந்தது. "அண்ணே, பேட்டரி போட்டு எட்டு மாசம்தான் ஆச்சு, செல்ஃப் எடுக்க மாட்டேங்குது" என்றார் டிரைவர். மீட்டர் வைத்தேன். ஒன்று 12.7, இன்னொன்று 11.3. நன்றாக இருந்ததன் மூடியைத் திறந்தால், தகடு தெரிகிற அளவுக்குத் தண்ணீர் வற்றியிருந்தது.

காரணம் இதுதான்: இன்வெர்ட்டர் மாட்டிய பேட்டரி ராத்திரிதோறும் காலியாகும். டைனமோ இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 28 வோல்ட் கொடுக்கும். எது காலி, எது நிறைவு என்று அதற்குத் தெரியாது. காலியானதற்குச் சார்ஜ் பற்றாது, நிறைந்திருந்தது மேலும் சார்ஜ் ஏறிக் கொதிக்கும். கடைசியில் இரண்டுமே வீண்.

படி 2: எத்தனை வாட் வேண்டும்?

ஃபேனும் போனும் மட்டும் போதும் என்றால் இன்வெர்ட்டரே வேண்டாம். 24 வோல்ட் லாரி ஃபேனும், 12–24 வோல்ட்டில் ஓடும் யு.எஸ்.பி. சார்ஜரும் நேரடியாக ஓடும், மின்சாரமும் மிச்சம்.

லேப்டாப், வீட்டு ஃபேன், சின்ன டி.வி. எல்லாம் ஓட வேண்டுமென்றால் 300 வாட் தாராளம். சைன் அலை இன்வெர்ட்டராக வாங்குங்கள். விலை குறைந்த சதுர அலை இன்வெர்ட்டரில் மோட்டார் ஃபேன் உறுமும், சூடேறும். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பைக் கேட்டு வருகிறவர்கள் உண்டு. அது பேட்டரியிலிருந்து 90 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நான் மாட்டித் தருவதில்லை.

படி 3: ஒயரும் ஃபியூஸும்

அவசரமே கூடாத இடம் இது.

300 வாட்டை 24 ஆல் வகுத்தால் 12.5 ஆம்பியர். இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் ஏறக்குறைய 15. சிகரெட் லைட்டர் சாக்கெட் இதைத் தாங்காது. பேட்டரியிலிருந்து தனியாக ஒயர் இழுக்க வேண்டும். நாலு மீட்டர் தூரத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 20 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள்.

ஃபியூஸ் பேட்டரியின் பிளஸ் பக்கம், டெர்மினலில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். பலர் வசதிக்காகக் கேபினுக்குள் வைக்கிறார்கள். பேட்டரி பெட்டியிலிருந்து கேபின் வரை ஒயர் சேசிஸை ஒட்டித்தான் வருகிறது. வண்டி குலுங்கக் குலுங்க இரும்பு விளிம்பு ஒயரின் தோலை அறுக்கும். செம்பு சேசிஸைத் தொட்டால், கேபினில் இருக்கிற ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது. ஒயர் பழுத்துத் தீப்பிடிக்கும். ஆகவே ஒயர் முழுவதற்கும் ஸ்லீவ் போட்டு, கேபின் தரையில் நுழையும் ஓட்டைக்கு ரப்பர் வளையம் மாட்டி, ஒரு முழத்துக்கு ஒரு டை கட்டுங்கள்.

படி 4: இணைப்பது

எஞ்சினை நிறுத்தி, முதலில் மைனஸைக் கழற்றுங்கள். மைனஸ் இருக்கும்போது பிளஸ் நட்டைத் திருகுகிற ஸ்பேனர் சேசிஸில் பட்டால் பொறி பறக்கும். கடைசியில் மாட்டுவதும் மைனஸ்தான். பிளஸ் எது என்று ஊகிக்க வேண்டாம். எந்த இரண்டு டெர்மினலுக்கு இடையே மீட்டர் 25 வோல்ட்டை ஒட்டிக் காட்டுகிறதோ, அங்கேதான் இரண்டு ஒயரும் போக வேண்டும். ஒயர் முனைக்கு லக் (நட்டில் மாட்டும் உலோக வளையம்) அழுத்திப் போடுங்கள், வெறும் ஒயரைச் சுற்றிவிடாதீர்கள்.

இன்வெர்ட்டரைப் பேட்டரி பெட்டிக்குள் வைக்கக் கூடாது. அங்கே ஹைட்ரஜன் வாயு வெளியேறும். கேபினில் காற்றுப் படும் இடத்தில் திருகி வையுங்கள், மெத்தைக்கு அடியில் வேண்டாம். வெளியே வருவது வீட்டில் இருக்கும் அதே 230 வோல்ட். ஈரக் கையோடு தொடாதீர்கள்.

படி 5: ராத்திரிக் கணக்கு

130 ஏ.எச். (ஆம்பியர் மணி) பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்தாலும் 130 ஏ.எச்.தான், 260 ஆகாது. 24 ஆல் பெருக்கினால் 3120 வாட் மணி. செல்ஃபுக்கு வேண்டியதை விட்டுவிட்டு, மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுங்கள். 30 வாட் ஃபேன் எட்டு மணி நேரத்துக்கு 240. போன், லைட் எல்லாம் சேர்த்து 120. இன்வெர்ட்டர் தானே தின்பது நூறுக்கு மேல். ஐந்நூறுக்குள் முடிந்துவிடும். பழைய பேட்டரி என்றால் பாதியாகக் குறையுங்கள். ஜனவரியில் டெல்லிப் பக்கம் நிறுத்தினால் இன்னும் குறையுங்கள். குளிரில் பேட்டரியும் சோரும், எஞ்சினும் இறுகும்.

பல இன்வெர்ட்டர்கள் 21 வோல்ட்டில்தான் கத்தும். அதற்குள் செல்ஃப் போயிருக்கும். மீட்டரில் 24.4 வந்ததும் அணையுங்கள். காலையில் வண்டி எடுக்கும்போதும் இன்வெர்ட்டர் அணைந்தே இருக்கட்டும்.

முதல் நாள் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு அணைத்துவிட்டு லக்கையும் ஃபியூஸ் கூட்டையும் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் அங்கே பிடிப்பு தளர்வு. முதல் ட்ரிப் முடிந்து வந்ததும் எல்லா நட்டையும் மறுபடி ஒரு முறை முறுக்குங்கள்.