பாஸ் மீனுக்குத் தூண்டில் வாங்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்சாஸின் லேக் ஃபோர்க் ஏரியில் ஒரு ஜூன் மாத விடியற்காலை. பாசிப் படலத்தின் மேல் நண்பர் வீசிய ரப்பர் தவளை இரண்டு முறை தத்தியது. மூன்றாவது முறை தத்துவதற்குள் பாசி பிளந்து தண்ணீர் மேலே சிதறியது. நல்ல மீன். அவர் வெட்டி இழுத்தார். கோல் நடுத்தண்டு வரை வளைந்துகொடுத்ததில் முள் மீனின் வாயோரத்தில் பாதிதான் ஏறியது. மீன் தலைகுப்புறப் பாசிக்குள் புகுந்தது. எட்டு பவுண்டு எடை தாங்கும் தூண்டில் நரம்பு ‘டக்’கென்று அறுந்தது.

“நரம்பு மட்டமான சரக்கோ?” என்று கேட்டார். இல்லை. நரம்பு தரமானது, கோலும் தரமானது, ரீல் நல்ல விலை கொடுத்து வாங்கியது. தெளிந்த நீரில் சின்ன ரப்பர் புழுவை மெல்ல இழுப்பதற்கு அந்த மூன்றும் அருமையான கூட்டணி. அடர்ந்த பாசியில் தவளை வீசுவதற்கு அவற்றில் ஒன்றுகூட உதவாது.

பாஸ் பிடிக்கத் தொடங்குகிறவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒரே வேரிலிருந்து முளைப்பவை. கடைக்குள் நுழைந்ததும் கை முதலில் ரீலுக்குப் போகிறது, பிறகு கோலுக்கு. நரம்பு கடைசியில், மிச்சமிருக்கும் பணத்தில். நான் சொல்வது இதற்கு நேரெதிர் வரிசை. மீன் எங்கே ஒதுங்கியிருக்கிறது, அங்கே எந்த இரை போகும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த இரைக்கேற்ற நரம்பு, அந்த நரம்புக்கேற்ற கோல், கடைசியாக ரீல்.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. கடலோரத்தில் நாம் கொடுவா என்று சொல்லும் மீனை ஆங்கிலத்தில் ‘சீ பாஸ்’ என்கிறார்கள். அமெரிக்க ஏரிகளின் லார்ஜ்மவுத் பாஸ் அதற்கு உறவே இல்லை, வேறு குடும்பம். கொடுவாவின் செவுள் மூடி கத்தி போல நரம்பை அறுக்கும் என்பதால் அங்கே நரம்பின் முனையில், முள்ளுக்கு முன்னால், தடித்த முன்நரம்புத் துண்டு ஒன்றைக் கட்டுகிறோம். பாஸின் வாயில் இருப்பவை உப்புத்தாள் போன்ற சின்னஞ்சிறு பற்கள். இங்கே நரம்பைக் கெடுப்பது மீனைவிட, நீருக்குள் நிற்கும் பட்ட மரங்களும் பாறைகளும்தான். ஊரில் கொடுவாவுக்கு வாங்கிய கோலை அப்படியே கொண்டுவந்து வீசாதீர்கள்.

கோலில் நடக்கும் பெரிய குழப்பம், ‘பவர்’ என்பதையும் ‘ஆக்‌ஷன்’ என்பதையும் ஒன்றாக நினைப்பது. பவர் என்பது கோலை வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது. லைட், மீடியம், மீடியம் ஹெவி, ஹெவி என்று ஏறிக்கொண்டே போகும். ஆக்‌ஷன் என்பது கோல் எந்த இடத்தில் வளைகிறது என்பது. ஃபாஸ்ட் என்றால் நுனி மட்டும் வளைந்து அதற்குக் கீழே விறைப்பாக நிற்கும். மாடரேட் என்றால் வளைவு பாதித் தண்டு வரை இறங்கும். ஒற்றைத் தடிமுள் மாட்டிய ரப்பர் புழுவுக்கு ஃபாஸ்ட் வேண்டும், ஏனென்றால் முள் ரப்பரையும் துளைத்துத் தாடையையும் துளைக்க வேண்டும். கிராங்க்பெய்ட் என்பது இழுக்கும்போது நீருக்குள் இறங்கி ஆடும், மீன் வடிவச் செயற்கை இரை. அதன் வயிற்றில் தொங்கும் மூமுள், அதாவது மூன்று கொக்கி முள், மெல்லியது, சிறியது. விறைத்த கோலால் வெடுக்கென்று இழுத்தால் அது சதையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அங்கே மீனோடு சேர்ந்து வளைந்துகொடுக்கும் மாடரேட் கோல்தான் மீனைக் கரை சேர்க்கும். கிராங்க்பெய்ட்டில் மீன் மாட்டி மாட்டிக் கழன்றுபோகிறது என்று வருந்துகிறவர்கள் முள்ளை மாற்றுவதற்கு முன் கோலைப் பார்க்கட்டும்.

கைப்பிடிக்குச் சற்று மேலே பொடி எழுத்தில் ஒரு வரி அச்சிட்டிருப்பார்கள். எத்தனை பவுண்டு நரம்பு, எத்தனை அவுன்ஸ் இரை என்று. கால் முதல் முக்கால் அவுன்ஸ் என்றிருந்தால் ஏறக்குறைய 7 கிராம் முதல் 21 கிராம். வாங்குவதற்கு முன் படிக்க வேண்டிய முதல் வரி இதுதான், ஆனால் பெரும்பாலானோர் அதைப் படிப்பதே இல்லை. 3 கிராம் இரையை அந்தக் கோலில் வீசினால் கோல் வளையாது. வளையாத கோல் இரையைத் தூக்கி எறியாது. 40 கிராம் இரையை முழு வீச்சில் எறிந்தால் தண்டு முறியக்கூடும்.

ரீலில் விலையை ஏற்றிக் காட்டும் எண் பேரிங் எண்ணிக்கை. பத்து மட்டமான பேரிங்கைவிட ஐந்து நல்ல பேரிங் நெடுநாள் உழைக்கும். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட எண்ணை விட்டுவிட்டு, சக்கர விகிதத்தைப் பாருங்கள். 7.1:1 என்றால் கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் நரம்புருளை 7.1 முறை சுழல்கிறது. தவளையையும் ரப்பர் புழுவையும் கோலால்தான் ஆட்டுகிறோம். ரீலின் வேலை தளர்ந்த நரம்பை விரைவாகச் சுருட்டுவது, அதனால் 7-க்கு மேல் நல்லது. ஆழத்துக்கு இறங்கும் பெரிய கிராங்க்பெய்ட் தண்ணீரை எதிர்த்து இழுக்கும். அதற்கு 5-ஐ ஒட்டிய விகிதம்தான் மணிக்கட்டைக் காப்பாற்றும்.

இன்னொன்று, போட்டிகளில் எல்லோரும் பெய்ட்காஸ்டிங் ரீல் வைத்திருப்பதைப் பார்த்து முதல் ரீலாகவே அதை வாங்குவது. அதில் இரைதான் உருளையைச் சுழற்றி நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. காற்றிலோ நீரில் விழும்போதோ இரையின் வேகம் தணியும். உருளைக்கு அது தெரியாது, பழைய வேகத்திலேயே சுழன்று நரம்பைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரே நொடியில் தூக்கணாங்குருவிக் கூடு போல ஒரு சிடுக்கு. இரை எவ்வளவு இலேசோ அவ்வளவு தொல்லை. 7 கிராமுக்குக் கீழே இரை போடுவதாக இருந்தால் ஸ்பின்னிங் ரீல் வாங்குங்கள். அதில் உருளை அசையாது, நரம்பு விளிம்பைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போகும். பெய்ட்காஸ்டிங் பழகியே தீர வேண்டுமென்றால் 14 கிராம் இரையில் தொடங்குங்கள். கோலை நீட்டிப் பிடித்து ரீலின் பொத்தானை அழுத்துங்கள். இரை மெல்ல இறங்க வேண்டும், தரையைத் தொட்டதும் உருளையும் நிற்க வேண்டும். அதுவரை ரீலின் பக்கவாட்டுக் குமிழை முறுக்குங்கள். ஒரு நிமிட வேலை இது. இரையை மாற்றும் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டியது.

இனி நரம்பு. நான் அதிக நேரம் செலவிட விரும்புவது இதில்தான், ஏனென்றால் மீனுக்கும் நமக்கும் இடையில் இருப்பது அது மட்டுமே.

பவுண்டு எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது முதல் தவறு. பின்னல் நரம்பில் 30 பவுண்டின் தடிமன், நைலானில் 8 பவுண்டின் தடிமனுக்கு நிகர். ரீலில் எவ்வளவு நரம்பு கொள்ளும், இரை எவ்வளவு ஆழம் இறங்கும், காற்றில் எவ்வளவு தூரம் போகும் என்பதெல்லாம் தடிமனைப் பொறுத்தவை. எண் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

ஃப்ளூரோகார்பன் என்ற ஒற்றை இழை நரம்பு கண்ணுக்கே தெரியாது என்று நம்பி எல்லாவற்றுக்கும் அதையே சுற்றுவது இரண்டாவது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஃப்ளூரோகார்பனுடையது 1.42, நைலானுடையது ஏறக்குறைய 1.5. நீரின் எண்ணுக்கு நெருக்கமாக இருப்பதால் குறைவாகத் தெரியும் என்பது உண்மை, தெரியவே தெரியாது என்பது விளம்பரம். அதன் உண்மையான குணம் எடை. நீரைவிட ஒன்றேமுக்கால் மடங்கு அடர்த்தி உள்ளதால் அது மூழ்கும். அடிமட்டத்தில் இழுக்கும் இரைக்கு அது வரம். நீர்மட்டத்தில் நடக்கும் இரைக்கோ சாபம், இரையின் மூக்கைக் கீழே இழுத்து அதன் நடையைக் கெடுத்துவிடும். மேல்மட்ட இரைக்கு நைலானோ, மிதக்கும் பின்னல் நரம்போ போடுங்கள். பாசிக்குள் தவளை வீச 50 முதல் 65 பவுண்டு பின்னல் நரம்பும் ஹெவி கோலும் வேண்டும். நண்பரிடம் அன்று இல்லாதவை இவைதான்.

15 பவுண்டு ஃப்ளூரோகார்பனை ஸ்பின்னிங் ரீலில் சுற்றினால் அது சுருள்வில் போலத் துள்ளி வெளியே வரும். அங்கே 6 முதல் 8 பவுண்டு போதும். அதைவிட நல்ல வழி, 10 அல்லது 15 பவுண்டு பின்னல் நரம்பைச் சுற்றி, முனையில் ஆறேழு அடிக்கு ஃப்ளூரோகார்பன் முன்நரம்பு கட்டுவது. பின்னல் நரம்பை வெறும் உருளையில் நேரடியாகச் சுற்றாதீர்கள். அது வழுக்கும், கைப்பிடியைச் சுற்றினாலும் நரம்பு மொத்தமாக உருளையைச் சுற்றி நழுவிக்கொண்டிருக்கும். நாலைந்து சுற்று நைலானை அடியில் போட்டு, அதன் மேல் முடிச்சிட்டுச் சுற்றுங்கள்.

முடிச்சை இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த நரம்பு உரசிச் சூடேறி அந்த இடத்திலேயே பலமிழக்கும், ஃப்ளூரோகார்பனில் இது இன்னும் மோசம். முடிச்சுக்கு மேலே ஒரு சாண் நீளத்தை விரல் நகத்தால் உருவிப் பாருங்கள். நெருடினால் தயங்காமல் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். மரங்கள் நிற்கும் ஏரியில் நான் ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் உருவிப் பார்க்கிறேன்.

உலகின் மிகப் பெரிய லார்ஜ்மவுத் 1932-இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெரி பிடித்தது, 22 பவுண்டு 4 அவுன்ஸ். 2009-இல் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிதா பிடித்த மீன் அதற்குச் சமமாக ஏற்கப்பட்டது. இந்தக் கதைகளைக் கேட்டு முதல் கோலையே ஹெவியாக வாங்காதீர்கள். உங்கள் கைக்கு வரப்போகும் மீன்களில் பெரும்பாலானவை ஒன்று முதல் மூன்று பவுண்டுதான். முதல் கோலாக 7 அடி மீடியம், ஃபாஸ்ட், ஸ்பின்னிங், அதற்கு 2500 அல்லது 3000 என்று அளவு எண் போட்ட ரீல் போதும். ஓராண்டு அதில் பிடித்த பிறகு, 7 அடி மீடியம் ஹெவியும் பெய்ட்காஸ்டிங் ரீலும் இரண்டாவதாக வரட்டும்.

கழற்றிய பழைய நரம்பைக் கரையில் போட்டுவிட்டு வராதீர்கள். ஒரு கொக்கின் காலில் நைலான் சுற்றிக் கால் வீங்கியிருந்ததை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். பல படகுத்துறைகளில் நரம்புக்கென்றே ஒரு குழாய்ப் பெட்டி வைத்திருக்கிறார்கள். ஒற்றை இழை நரம்பை அதில் போடலாம். பின்னல் நரம்பைப் பெரும்பாலும் அதில் ஏற்பதில்லை. அதைச் சிறு துண்டுகளாக வெட்டி, வீட்டுக் குப்பைத் தொட்டியில் போடுங்கள்.