நாலரைக்கு எழுந்தே ஆகவேண்டியவர்களுக்கு: கடிகார ரேடியோ அமைக்கும் முறை

கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கிற கடிகார ரேடியோவை இந்தக் காலத்தில் யார் வாங்குகிறார்கள் என்று நானும் நினைத்திருந்தேன். பூம்பாறையில் பெரியம்மா வீட்டில் ஒரு ஐப்பசி மழையில் பத்து நாள் தங்கிய பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. எங்கேயோ ஒரு மரம் கம்பியில் சாய்ந்தால் போதும், கரண்ட் போய்விடும். செல்போனில் சார்ஜ் இறங்கும், கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிடும். விடியுமுன் பூண்டு மூட்டையோடு வண்டி ஏறி வடுகபட்டிச் சந்தைக்குப் போகவேண்டியவரை யார் எழுப்புவது? சேவலை நம்பலாம் என்றால், அந்தக் குளிரில் அதுவும் சோம்பேறியாகத்தான் இருக்கிறது.

பெரியம்மாவிடம் இருப்பது அவர் பேரன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பெட்டி. சிவப்பு எண்கள், மேலே வரிசையாகப் பொத்தான்கள், பக்கவாட்டில் ரேடியோவுக்கு ஒரு திருகு சக்கரம். அதைச் சரிசெய்யப் போய் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இங்கேயே கடையில் வாங்கியவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

படி 1: பிளக்கில் சொருகும் முன் அடியைப் பாருங்கள்

பெட்டியைக் கவிழ்த்தால் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். தனியாக அடாப்டர் கொடுத்திருந்தால் அடாப்டரின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். அதில் 100-240 வோல்ட் என்று இருந்தால் கவலையில்லை, நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகலாம். தட்டைக் கால் பிளக்காக இருந்தால் பெட்டிக்கடை மாற்றி பிளக் ஒன்று போதும்.

120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நிறுத்துங்கள். மாற்றி பிளக் காலின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டைக் குறைக்காது. அப்படியே சொருகினால் உள்ளே டப்பென்று ஒரு சத்தம், அப்புறம் கருகிய வாடை, அவ்வளவுதான். 230-ஐ 110 ஆக்கித் தரும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் எலக்ட்ரிகல் கடைகளில் கிடைக்கும். கடிகார ரேடியோ தின்னும் மின்சாரம் மிகக் குறைவு, சின்னதாகவே வாங்கலாம்.

படி 2: 50-ஆ, 60-ஆ?

இதைத்தான் யாரும் சொல்வதில்லை. பெரியம்மா விஷயத்தில் நானும் இங்கேதான் கோட்டைவிட்டேன்.

டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டியாயிற்று. ராத்திரி சரியாக ஒன்பது மணிக்கு நேரம் வைத்து, நாலரைக்கு அலாரமும் வைத்துவிட்டுப் படுத்தோம். அலாரம் அடித்தது. பெட்டியும் நாலரை என்றுதான் காட்டியது. ஆனால் ஜன்னலுக்கு வெளியே வெளுத்துவிட்டது, பக்கத்து வீட்டில் பால் கறந்து முடித்துவிட்டார்கள். என் கைக்கடிகாரத்தில் மணி ஆறு. வண்டி போய் வெகு நேரம் ஆகியிருந்தது.

"ஏய்யா, இது பேரன் ஊரு நேரத்தையே காட்டுது போலயே?" என்றார் பெரியம்மா. கிண்டலாகச் சொன்னதுதான். ஆனால் கிட்டத்தட்ட அதுதான் நடந்திருந்தது.

கரண்டில் ஓடும் பல கடிகார ரேடியோக்கள் நேரத்தைத் தாமாகக் கணக்கிடுவதில்லை, கம்பியில் வரும் மின்சாரத்தின் துடிப்பை எண்ணுகின்றன. நம் நாட்டில் மின்சாரம் நொடிக்கு 50 தடவை துடிக்கிறது, அமெரிக்காவில் 60 தடவை. அந்த ஊர்ப் பெட்டி அறுபது எண்ணி முடித்தால்தான் ஒரு நொடி போனதாக நினைக்கும். இங்கே அறுபது துடிப்பு வர 1.2 நொடி ஆகும். ஆக, ஒரு மணி நேரம் ஓடினால் அது ஐம்பது நிமிடம்தான் காட்டும். ஒன்பதிலிருந்து நாலரை வரை அதன் கணக்கில் ஏழரை மணி நேரம், நம் கணக்கில் ஒன்பது மணி நேரம். ஆறு மணிக்கு அடித்ததில் பெட்டியின் தப்பு ஒன்றுமில்லை. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், துடிப்பை மாற்றாது.

சில பெட்டிகளில் இதற்கென்று 50/60 என்று எழுதிய குட்டி ஸ்விட்ச் ஒன்று இருக்கும். பின்பக்கமோ அடியிலோ தேடுங்கள். பெரியம்மா பெட்டியில் பேட்டரி வைக்கும் குழிக்குள்ளே ஒளிந்திருந்தது, ஊக்கு முனையால் தள்ளித்தான் மாற்றினேன். ஸ்விட்ச்சே இல்லை, மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்குகிறது என்றால் அது ரேடியோவாக மட்டும்தான் உதவும். பாடு பட்டுப் பயனில்லை. அடாப்டரில் ஓடும் புது மாதிரிகள் பெரும்பாலும் குவார்ட்ஸ் படிகத்தை வைத்து நேரம் கணக்கிடுகின்றன, அவற்றுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

படி 3: பேட்டரி போடாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்

கரண்ட் போய் வந்த பிறகு 12:00 என்று மின்னிக்கொண்டே இருக்கும் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். பேட்டரி இல்லை, அல்லது செத்துவிட்டது என்று அர்த்தம். மலையில் இருப்பவர்களுக்கு இந்தப் பேட்டரிதான் உயிர். சில பெட்டிகளுக்குச் சதுரமான 9 வோல்ட் பேட்டரி, சிலவற்றுக்கு இரண்டு பென்சில் செல், புதியவற்றுக்கு நாணயம் போன்ற பொத்தான் செல். பொத்தான் செல்லை உள்ளேயே போட்டு, நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாக்கைச் செருகி அனுப்பியிருப்பார்கள். அதை உருவி எடுக்காவிட்டால் செல் இருந்தும் இல்லாததுதான்.

போட்டபின் சோதித்துப் பாருங்கள். நேரம் வைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் கழித்துச் சொருகுங்கள். எண்கள் அணைந்துபோனால் பயப்பட வேண்டாம். பேட்டரியை மிச்சம்பிடிக்க விளக்கை அணைத்துவிட்டு, நேரத்தை மட்டும் உள்ளே ஓட்டிக்கொண்டிருக்கும். திரும்பச் சொருகும்போது சரியான நேரம் வந்தால் நல்லது.

இன்னொரு சோதனையும் உண்டு, இதுதான் முக்கியம். இரண்டு நிமிடம் கழித்து அடிப்பதுபோல் அலாரம் வைத்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்குங்கள். அடித்தால் உங்கள் பெட்டி கரண்ட் இல்லாமலும் எழுப்பும். அடிக்காவிட்டால் அது நேரத்தை மட்டுமே காப்பாற்றும் வகை, மழைக்காலத்தில் அதை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். பெரியம்மாவின் பெட்டி அடிக்கிறது, ஆனால் ரேடியோ பாடாது, வெறும் பீப் சத்தம்தான். அது போதும்.

துடிப்பை எண்ணும் வகைப் பெட்டி பேட்டரியில் ஓடும்போது நேரம் கொஞ்சம் முன்னே பின்னே போகும். ஒரு ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லாமல் இருந்தால் காலையில் ஒருமுறை சரிபாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை பேட்டரியை மாற்றிவிடுங்கள். பனியும் ஈரமும் சேர்ந்து முனைகளில் பச்சை பூத்துவிடும். உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுப் புதியதைப் போடலாம்.

படி 4: நேரம் வைப்பது

பெரும்பாலான பெட்டிகளில் ஒரே முறைதான். டைம் என்றோ கிளாக் என்றோ எழுதிய பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ஹவர் பொத்தானைத் தட்டினால் மணி நகரும், மின் என்ற பொத்தானைத் தட்டினால் நிமிடம் நகரும். பிடித்த விரலை எடுக்காமல் மறு கையால் தட்ட வேண்டும். விரலை எடுத்துவிட்டு அழுத்துவதால்தான் பாதிப் பேருக்கு வருவதில்லை. சில புதிய பெட்டிகளில் டைம் பொத்தானை இரண்டு நொடி அமுக்கினால் எண்கள் மின்னும், அப்புறம் கூட்டல் கழித்தல் பொத்தான்தான்.

இப்போது எண்களின் இடது ஓரத்தை உற்றுப் பாருங்கள். கடுகளவு சிவப்புப் புள்ளி ஒன்று எரியும் அல்லது அணைந்திருக்கும். பன்னிரண்டு மணிக் கணக்கில் ஓடும் பெட்டியில் காலையா மாலையா என்று சொல்வது அந்தப் புள்ளிதான். பல பெட்டிகளில் அது எரிந்தால் மதியத்துக்கு மேல் என்று பொருள், சிலவற்றில் தலைகீழ். பக்கத்திலேயே ஏஎம், பிஎம் என்று பொடி எழுத்தில் இருக்கும். ராத்திரி ஒன்பதை வைக்கும்போது புள்ளி காலை ஒன்பதைக் காட்டினால், உங்கள் நாலரை அலாரம் மறுநாள் சாயங்காலம், நீங்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அடிக்கும். மணியைப் பன்னிரண்டு தாண்டி இன்னொரு சுற்று ஓட்டினால் புள்ளி மாறிவிடும். இருபத்துநாலு மணிக் கணக்குக்கு மாற்ற வசதி இருந்தால் மாற்றிவிடுவதே நிம்மதி.

வெளிநாட்டுப் பெட்டிகளில் கோடைக்கால நேரம் என்று ஒரு வசதி இருக்கும், டிஎஸ்டி என்று எழுதியிருப்பார்கள். அதை அணைத்து வையுங்கள், நமக்கு அப்படி ஒரு பழக்கம் இல்லை. தானே நேரம் வைத்துக்கொள்ளும் பெட்டிகளில் பெரும்பாலும் அந்த நாட்டு நேர மண்டலங்கள் மட்டும்தான் இருக்கும். நம் நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால். அந்த அரை மணி பட்டியலில் இல்லாவிட்டால் தேடி அலுக்காமல் கையாலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: நிலையத்தைப் பிடிப்பது

பழனி மலையில் இருந்துகொண்டு முதலில் தேட வேண்டியது 100.5. கொடைக்கானல் வானொலி நிலையம், நம் ஆட்கள் வாயில் கோடை பண்பலை. 10 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர், அதுவும் மலை உச்சியில். கீழே மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமெல்லாம் கணீரென்று கேட்கும். ஆனால் மலைக்குள்ளேயே இருக்கும் பூம்பாறையில் சில வீடுகளில் இரைகிறது. பண்பலை அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போகிறது. நடுவில் ஒரு மேடு மறைத்தால் சமவெளிக்குக் கிடைப்பது நமக்குக் கிடைக்காது. விளக்கடியில் இருட்டு என்பது இதுதான்.

எண் காட்டும் ரேடியோ என்றால் நேராக 100.5 போட்டுவிடலாம். சக்கரம் திருகும் வகை என்றால் முள்ளை 100-க்கும் 104-க்கும் நடுவே, 100-ஐ ஒட்டி வைத்து, மயிரிழை மயிரிழையாக நகர்த்துங்கள். இரைச்சல் குறைந்து, பேச்சு தெளிந்து, இன்னும் நகர்த்தினால் மறுபடி இரையும். அந்த நடுப்பகுதியில் நிறுத்துங்கள்.

பின்னால் வால்போல் ஒரு மெல்லிய வயர் தொங்குகிறதே, அதுதான் ஏரியல். கட்டிவைத்த நூலோடு சுருட்டியபடியே விடுகிறவர்கள்தான் அதிகம். பிரித்து நீட்டுங்கள். 100.5-இன் அலை நீளம் ஏறக்குறைய மூன்று மீட்டர், அதில் கால் பங்கு, அதாவது முக்கால் மீட்டர் வயர் நீண்டிருந்தால் நன்றாகப் பிடிக்கும். மேலே தூக்கிச் சுவரில் டேப் போட்டு ஒட்டுங்கள், பிறகு கிடையாக வைத்தும் பாருங்கள். பெட்டியை ஒரு முழம் தள்ளி வைத்தாலே கதை மாறும். எதிர்ச்சரிவில் பட்டுத் திரும்பும் அலையும் நேராக வரும் அலையும் ஒரு இடத்தில் ஒன்றையொன்று அமுக்கும், இன்னொரு இடத்தில் சேர்ந்து கைகொடுக்கும். பெரியம்மா வீட்டில் அலமாரி மேல் ஒரே இரைச்சல், ஜன்னல் விளிம்பில் தெளிவு. ஆனால் ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம் உள்ளேயே வரும் ஊர் அது. அதனால் பெட்டியைக் கட்டில் பக்கம் வைத்து, வயரை மட்டும் ஜன்னல் சட்டத்தில் ஒட்டினேன்.

மத்திய அலைக்கு இந்த வயர் உதவாது. அதற்கான ஏரியல் பெட்டிக்குள்ளேயே ஒரு கரிய கோலாக இருக்கிறது, பெட்டியையே திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். பழைய ஆட்களுக்கு மத்திய அலையில் மதுரை வானொலி என்றால் 1269 தான். எண் காட்டும் அமெரிக்கப் பெட்டியில் அந்த எண் வரவே வராது, அங்கே நிலைய எண்கள் பத்துப் பத்தாகத் தாவும், இங்கே ஒன்பது ஒன்பதாக. சக்கரம் உள்ள பெட்டி இந்த விஷயத்தில் கெட்டிக்காரன்.

படி 6: அலாரம்

அலாரம் பொத்தானைப் பிடித்தபடி ஹவர், மின். அதே முறை, அதே புள்ளி, இங்கேயும் பார்க்க வேண்டும். அப்புறம் எதனால் எழுப்புவது என்று கேட்கும்: பஸரா, ரேடியோவா?

பாட்டுக் கேட்டுக்கொண்டே எழுவது சுகம்தான். ஆனால் நாலரை மணிக்கு நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியிராவிட்டால் வெறும் காற்றிரைச்சல்தான் வரும். குளிரில் கம்பளிக்குள் இருப்பவருக்கு அது மழைச் சத்தம்போல் இதமாக இருக்கும், இன்னும் நன்றாகத் தூக்கம் வரும். அதோடு ரேடியோ அலாரம், ராத்திரி நீங்கள் விட்ட சத்த அளவிலேயே பாடும். தூங்கப்போகும்போது குறைத்துவிட்டீர்களென்றால் காலையிலும் முணுமுணுக்கும். இரண்டு அலாரம் உள்ள பெட்டி என்றால் வண்டிக்குப் போகும் நாலரைக்குப் பஸர், மற்ற நாளுக்கு ஆறு மணிக்கு ரேடியோ என்று பிரித்து வைப்பேன்.

ஸ்னூஸ் என்பது மேலே இருக்கும் பெரிய பட்டை. தட்டினால் பெரும்பாலான பெட்டிகள் ஒன்பது நிமிடம் விட்டு மறுபடி அடிக்கும். அலாரத்தை நிறுத்தும் பொத்தான் வேறு. அது தள்ளு ஸ்விட்ச்சாக இருந்தால், ஆஃப் பக்கம் தள்ளிவிட்டால் நாளைக்கும் அடிக்காது. ராத்திரி படுக்குமுன் அலாரப் புள்ளி எரிகிறதா என்று ஒரு பார்வை பார்க்க வேண்டும்.

ஸ்லீப் பொத்தான் தூங்கும்போது ரேடியோவைத் தானே அணைக்க, டிம்மர் வெளிச்சத்தைக் குறைக்க. இரண்டையும் அமுக்கிப் பார்த்தாலே புரிந்துவிடும். இடி மின்னல் நேரத்தில் மட்டும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், நேரத்தைப் பேட்டரி பார்த்துக்கொள்ளும்.

பெரியம்மாவுக்குப் பொத்தான் மேலுள்ள இங்கிலீஷ் எழுத்து ஆகாது. அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கண்ணாடியில் ஒட்டிவைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டுகளில் பெரிய சிவப்பை ஸ்னூஸ் மேலும், பச்சையை நிறுத்தும் பொத்தான் மேலும் ஒட்டிவிட்டார். "செவப்பு பொட்டுன்னா இன்னும் கொஞ்சம் படுக்கலாம், பச்சைப் பொட்டுன்னா எந்திரிச்சாச்சு" என்பது கணக்கு. இருட்டில் விரலால் தடவினாலும் தெரியட்டும் என்று பச்சையில் கல் வைத்த பொட்டாகப் பார்த்து எடுத்திருந்தார்.