திருவிழா ராட்டினம் இயக்குபவருக்கு

காரைக்குடி முத்துமாரியம்மன் கோயில் மாசி-பங்குனித் திருவிழா போன்ற பெருங்கூட்டத்தில் ராட்டினம் இயக்குபவர், ஆள் ஏற்றுமுன் வெறும் பெட்டிகளோடு சில சுற்றுகள் ஓட்டி, வழக்கத்துக்கு மாறான சத்தமோ அதிர்வோ இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். ராட்சத ராட்டினத்தில் எதிரெதிர்ப் பெட்டிகளை மாற்றி மாற்றி நிரப்பினால்தான் எடை ஒரு பக்கமாகச் சாயாது. தடுப்புக் கம்பியைக் கண்ணால் பார்ப்பது போதாது. ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பார்த்து, கொண்டி விழுந்திருப்பதை உறுதிசெய்ய வேண்டும். தொங்கும் துப்பட்டாவையும் முந்தானையையும் உள்ளே செருகச் சொல்ல வேண்டும்.

சிக்கல் பெரும்பாலும் உயர அளவுகோலருகில்தான் தொடங்குகிறது. அளவுக்கு எட்டாத பேரனை ஏற்றச் சொல்லி ஒருவர் வற்புறுத்தினால், விதியைக் காட்டி விரட்டாமல், “ஆச்சி, இந்தக் கம்பி பிள்ளை இடுப்பைப் பிடிக்காது, நழுவிவிடுவான்; குதிரை ராட்டினத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள்” என்று காரணத்தையும் மாற்றுவழியையும் சேர்த்துச் சொல்வதே நல்லது. பேரனுக்கு முன்னால் அவரைத் தலைகுனிய வைப்பது தேவையற்ற கொடுமை என்பது என் உறுதியான எண்ணம்.

குடித்துவிட்டு வருபவரிடம் வாதாடாமல் சீட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். மீறினால் பந்தோபஸ்துக் காவலரை அழையுங்கள். எவ்வளவு பெரிய தகராறானாலும், ராட்டினம் சுற்றும்போது சுவிட்சை விட்டு நகராதீர்கள்.